பச்சையா, சிவப்பா?

அம்மா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள நகரத்துக்குப் போனாள். போகும்போது வாசல் கரும்பலகையைக் குண்டூசியிடம் ஒப்படைத்தாள்.

குண்டூசிக்குப் பதினோரு வயது. ஒல்லியாக இருப்பாள், சுருக்கென்று பேசுவாள். அதனால்தான் அந்தப் பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர்களுடையது கடற்கரையோரத்தில் ஒரு சர்ஃபிங் கடை. உள்ளே அலைச்சறுக்குப் பலகைகள் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கும். மெழுகு வாசமும் ஈர ரப்பர் வாசமும் அடிக்கும். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் தினமும் மூன்று வரி எழுத வேண்டும்: அலை, காற்று, வானம். கீழே ஒரு வட்டம். வட்டம் பச்சையாக இருந்தால் பவளத்திட்டுக்குப் படகு போகும். சிவப்பாக இருந்தால் போகாது.

பவளத்திட்டு கரையிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருந்தது. தண்ணீருக்கடியில் நீளமான மதில் மாதிரி கிடக்கும். அதன் நடுவில் ஓர் இடைவெளி. அதற்குத் திட்டுவாய் என்று பெயர். படகு அதற்குள் நுழைந்துதான் அந்தப் பக்கம் போக முடியும். பிள்ளைகளைப் படகில் அங்கே கூட்டிப்போகிறவள் குண்டூசியின் அக்கா. பதினோரு வயது ஆகாதவர்களை அவள் கூட்டிப்போக மாட்டாள். குண்டூசிக்குப் பதினோரு வயது ஆகிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்று மாலை மூன்றரை மணிப் படகில், மற்ற ஐந்து பிள்ளைகளோடு, அவளுக்கும் இடம் இருந்தது.

வட்டம் பச்சையாக இருந்தால்.

அந்தக் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. போனில் முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். பிறகு வாசலில் நின்று, நூறு எண்ணி முடிக்கும்வரை கடலைப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் எழுத வேண்டும். அம்மா அப்படித்தான் செய்வாள். அக்காவும் அப்படித்தான்.

மதியம் ஒரு மணிக்குக் குண்டூசி போனைப் பார்த்தாள். அலை ஒரு மீட்டர். காற்று லேசு. வானம் தெளிவு. அதற்குக் கீழே ‘அலை இடைவெளி பதினெட்டு விநாடி’ என்று பொடி எழுத்தில் இருந்தது. வழக்கமாக அங்கே ஏழோ எட்டோ இருக்கும். அந்த வரியை யாரும் பலகையில் எழுதுவதில்லை. அவளும் எழுதவில்லை.

வாசலில் நின்று நூறு எண்ணினாள். கடல் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது.

பச்சைச் சாக்கட்டியை எடுத்து வட்டம் நிறைய அப்பினாள். வாயெல்லாம் பல்.

கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. தையல்காரம்மா. கடைக்கு மேல் அறையில் அவர் பள்ளிச் சீருடை தைப்பார். ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கும்.

“ஏண்டி குண்டூசி, பச்சை போட்டிருக்கே? திட்டுல ரெண்டாள் உயரத்துக்கு அலை எழும்புது. உனக்குக் கண்ணு எங்கே இருக்கு?”

“இப்பதானே பார்த்தேன் அத்தை. ஒண்ணுமே இல்லை.”

“நான் என்ன பகல்லயே கனவு காண்றேனா? வந்து பாரு.”

குண்டூசி வெளியே ஓடி வந்தாள். திட்டின் மேல் வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து சரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. இரைச்சல் கொஞ்சம் தாமதமாகக் கரைக்கு வந்து சேர்ந்தது.

பச்சையை அழித்துச் சிவப்பை அப்பினாள்.

சாக்கட்டித் தூளைத் தட்டிக்கூட முடிக்கவில்லை, படகுக்காரர் மாமா வந்து நின்றார். திட்டுப் பக்கம் மிதவைக் கயிற்றைச் சரிபார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

“யாரு சிவப்பு போட்டது?”

“நான்தான் மாமா. பெரிய அலை.”

“எங்கே? நான் அங்கிருந்துதானே வரேன். கண்ணாடி மாதிரி இருக்கு. தலை சீவிக்கலாம், அவ்வளவு தெளிவு.”

குண்டூசி திரும்பிப் பார்த்தாள். நூறு எண்ணினாள். சந்தேகத்துக்கு இன்னொரு பத்தும் எண்ணினாள். கடல் ஒன்றும் அறியாத பிள்ளை போல் இருந்தது.

அவள் தலையைச் சொறிந்தாள். சிவப்பை அழித்தாள். பச்சையை அப்பினாள். பலகையில் இப்போது இரண்டும் கலந்து ஒரு மாதிரி சேற்று நிறத்தில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து சைக்கிளில் மொட்டை வந்தான். போன மாதம் தலையில் பேன் என்று மழித்தது. முடி வளர்ந்துவிட்டது, பெயர் போகவில்லை. படகில் வரப்போகும் ஐந்து பேரில் அவனும் ஒருவன்.

“பச்சையா? எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்” என்றான்.

“இரு, இன்னும் சரியா...”

அவன் தெருமுனையைத் திரும்பிவிட்டான்.

அவன் போன பத்து நிமிடத்தில் மறுபடியும் ஜன்னல் திறந்தது.

“குண்டூசி, நீ என்ன ஓணானா? நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாத்துறே. அங்கே பாரு, மறுபடி எழும்புது.”

பார்த்தாள். எழும்பியது. ஐந்து, ஆறு என்று வரிசையாக. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது.

குண்டூசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன் சின்ன அலை என்கிறது. தையல்காரம்மா பெரிய அலை என்கிறார். படகுக்காரர் அலையே இல்லை என்கிறார். அவள் கண்ணோ முதலில் ஒன்று சொல்கிறது, அப்புறம் இன்னொன்று சொல்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, கடல் பெரிசா இருக்கா சின்னதா இருக்கான்னே தெரியலை. பச்சை போடட்டுமா?”

“ம்ம்ஹூம்ம்” என்றாள் அம்மா. வாய் நிறையப் பஞ்சு.

“வேண்டாமா?”

“ம்ம்ம்.”

“அப்ப சிவப்பா?”

“ம்ஹ்ம்ம்ம்.”

“அம்மா, ஆமான்னா ஒரு தடவை சொல்லு. இல்லைன்னா ரெண்டு தடவை சொல்லு.”

அம்மா மூன்று தடவை சொன்னாள். பின்னால் யாரோ, “பேசக் கூடாதும்மா, தையல் பிரிஞ்சுடும்” என்று அதட்டுவது கேட்டது. போன் நின்றுவிட்டது.

கடைக்குப் பின்னால் கொட்டகையில் அக்கா உடைந்த அலைச்சறுக்குப் பலகை ஒன்றுக்குப் பிசின் பூசிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் உறை.

“அக்கா, நீ கொஞ்சம் வந்து பாரேன்.”

“பிசின் காய்ஞ்சுடும்டி. இப்ப நகர முடியாது. நூறு எண்ணினியா?”

“நாலு தடவை எண்ணினேன்.”

“அப்புறம் என்ன? பலகை உன் வேலை. நீ என்ன போடுறியோ அதுதான்.”

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பச்சை போட்டால் படகு போகும். ஆறு பிள்ளைகள், அக்கா, மாமா. அலை பெரிதாக இருந்தால்? சிவப்பு போட்டால் யாரும் போக முடியாது. அவளும் போக முடியாது. கடல் சும்மா கிடந்தால் எல்லோரும் அவளைக் கரித்துக்கொட்டுவார்கள்.

பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து யோசித்தாள்.

தையல்காரம்மா பொய் சொல்கிறவர் இல்லை. ஒரு பொத்தான் குறைந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் சட்டையைக் கொடுப்பார். படகுக்காரர் மாமா விளையாட்டாகப் பேசுவார், ஆனால் கடல் விஷயத்தில் விளையாட மாட்டார். அவளுடைய கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் சொன்னது நிஜம். எல்லோரும் நிஜம் சொன்னால் எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும்?

‘ஒவ்வொருத்தரும் கொஞ்ச நேரம்தான் பார்த்தோம்’ என்று தோன்றியது. அத்தை ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்தார். மாமா கயிறு கட்டும் நேரம் பார்த்தார். அவள் நூறு எண்ணும் நேரம் பார்த்தாள்.

நூறோடு நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்?

கடைக்குள் போய் ஸ்டூலில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். வாசல் படியில் சாய்த்து வைத்தாள். கையில் வெள்ளைச் சாக்கட்டி. பலகையில் வட்டத்தை மொத்தமாக அழித்தாள். அப்புறம் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

வெயில் முதுகில் அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்தது. கையால் ஓட்டினாளே தவிரக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு பதினேழுக்கு அலைகள் வந்தன. ஆறு. சிமென்ட் தரையில் நேரத்தை எழுதி, பக்கத்தில் ஆறு கோடு போட்டாள்.

பிறகு ஒன்றுமில்லை. அவ்வளவு நேரம் ஒன்றுமே இல்லாமல் இருக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை. பதினைந்து நிமிடம் ஆனபோது, தான் தப்புக்கணக்குப் போட்டுவிட்டோமோ என்று எழுந்துவிடப் பார்த்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

இரண்டு முப்பத்தெட்டு. ஏழு அலை.

மூன்று மணி. ஆறு.

மூன்று இருபது. ஏழு. இவை முந்தியவற்றைவிடப் பெரியவை.

குண்டூசி தரையில் இருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபது நிமிடம். அடுத்தது மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் வர வேண்டும். மூன்றரைக்குப் படகு கிளம்பினால் பத்து நிமிடத்தில் எங்கே இருக்கும்?

திட்டுவாயில்.

சைக்கிள் மணிகள் கேட்டன. ஐந்து பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மொட்டை பலகையைப் பார்த்தான்.

“பச்சை எங்கே? நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே.”

“அழிச்சுட்டேன்.”

“அப்ப சிவப்பா?”

“இன்னும் போடலை.”

“இது என்ன புதுசா? ஒண்ணுமே போடாம இருந்தா போறதா வேண்டாமா?”

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். கடலைப் பார்த்து நூறு எண்ணினாள். அது அசையாமல் கிடந்தது.

“நல்லாத்தானே இருக்கு? என்னடி உனக்குக் குழப்பம்?”

“இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வருதுக்கா. கூட்டமா. நடுவுல ஒண்ணும் இருக்காது.” தரையைக் காட்டினாள். “மூணே முக்கால் வரைக்கும் மட்டும் பொறுங்க. வரலைன்னா நானே பச்சை அடிச்சுடுறேன்.”

படகுக்காரர் குனிந்து தரையைப் பார்த்தார். “கடல் என்ன பஸ்ஸா, நேரம் போட்டு வர?”

“பஸ் எங்கே மாமா நேரத்துக்கு வருது?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“கால் மணி நேரம்தானே” என்றாள் அக்கா. “உட்காருங்க.”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். மூன்று நாற்பத்தொன்று ஆனது. கடல் கம்மென்று இருந்தது. நாற்பத்திரண்டு. மொட்டை வேண்டுமென்றே பெரிதாகக் கொட்டாவி விட்டான். நாற்பத்து மூன்று. குண்டூசிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தரையிலிருந்த கோடுகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நாற்பத்து நான்கு.

“சரி” என்று அக்கா எழுந்தாள். “மிதவைச் சட்டையைப் போடுங்க.”

படகுக்காரர் மணலில் இறங்கி, கட்டுத்தறியில் இருந்த படகுக் கயிற்றை அவிழ்த்தார். பாதியில் அவர் கை நின்றது.

தொலைவில், வானமும் கடலும் சேரும் இடத்தில், ஒரு கறுப்புக் கோடு கிடந்தது. அது தடித்தது. திட்டை நெருங்க நெருங்க உயர்ந்தது. முதல் அலை திட்டின் மேல் உடைந்தது. இரண்டாவது அதைவிடப் பெரிது. மூன்றாவது திட்டுவாயையே மூடிக்கொண்டு உடைந்தது. அங்கே கட்டியிருந்த சிவப்பு மிதவை காணாமல் போய், வெகுநேரம் கழித்து வேறு பக்கமாகத் தலை காட்டியது.

நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. எட்டு.

இரைச்சல் வந்து அடங்கியது. படகுக்காரர் அவிழ்த்த கயிற்றை மறுபடியும் கட்டினார். எப்போதும் ஒரு முடிச்சுப் போடுகிறவர் இப்போது மூன்று போட்டார்.

“இந்நேரம் நான் அங்கேதான் இருந்திருப்பேன்” என்றார் தாழ்ந்த குரலில். “ஏழு பேரை வெச்சுக்கிட்டு.”

அக்கா போனை எடுத்துப் பார்த்தாள். பொடி எழுத்து வரியில் விரல் நின்றது. “பதினெட்டு விநாடியா? இது நம்ம பக்கத்து அலை இல்லை. எங்கேயோ ரொம்பத் தூரத்துல புயல் அடிச்சிருக்கு. அது கிளப்பின அலை இப்பதான் வந்து சேருது. கூட்டம் கூட்டமாத்தான் வரும்.” பிறகு தங்கையைப் பார்த்தாள். “நானும் நூறோட நிறுத்திட்டேனே.”

குண்டூசி சிவப்புச் சாக்கட்டியை எடுத்து வட்டத்தை நிறைத்தாள். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. திட்டு எங்கேயும் ஓடிவிடாதுதான். ஆனாலும் இன்றைக்குப் போக முடியவில்லையே.

அதை மொட்டை கவனித்தான். அவள் பக்கத்தில் வந்து சிமென்ட் தரையில் உட்கார்ந்தான்.

“அடுத்தது எப்போ?”

“நாலு அஞ்சு, நாலு ஆறு வாக்கில.”

“நான் பார்த்துக்கறேன். நீ மத்தியானத்திலேர்ந்து வெயில்லயே இருக்கே, போய்த் தண்ணி குடிச்சுட்டு வா. சாக்கட்டியைக் கொடு.”

அவள் கொடுத்தாள். திரும்பி வந்தபோது ஐந்து பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அக்கா. அக்காவுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படகுக்காரர் மாமா. மாடி ஜன்னலில் தையல்காரம்மா, தைப்பதை நிறுத்திவிட்டு.

“எங்கேடி போனே?” என்றார் மாமா, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். “தள்ளி உட்காருங்கப்பா, நடுவுல அவளுக்கு இடம் விடுங்க.”