ஏழு மணிப் பேட்டி

டிவி சேனல் அலுவலகத்தில் தன் டிராயரைத் திறந்த நிருபரின் கை அப்படியே நின்றது. பேனாக்கள் இருந்தன, தலைவலி மாத்திரை இருந்தது. மெமரி கார்டு இல்லை. பூட்டில் கீறல்கூட இல்லை. காலை மணி பதினொன்று.

கார்டில் இருந்தது ஒரு பேட்டி. குடிநீர் நிலையத்தின் பழைய ஆபரேட்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி பேசியது. மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் குளோரின் கலக்கவே இல்லை, கீழ்த்தெருக் குழந்தைகள் செத்தது அதனால்தான் என்று சொல்லியிருந்தார். மறுநாள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பேட்டி இன்று மாலை ஏழு மணிக்கு ஒளிபரப்பாக வேண்டும். நாளை நகராட்சித் தேர்தல். ஊர்த் தண்ணீர் மொத்தத்தையும் அந்த நிலையத்தை நடத்தும் கம்பெனிக்கே விடலாமா என்பதுதான் தேர்தலில் ஒரே பேச்சு. போன வருடம் இந்தச் சேனலை விலைக்கு வாங்கியதும் அதே கம்பெனிதான்.

நிருபர் கூப்பிட்டு இன்ஸ்பெக்டர் அம்மாள் மதியம் வந்து சேர்ந்தபோது வரவேற்பறை டிவியில் ஒரு பெண் குரல் மணியடித்தாற்போல் ஒலித்தது: "முன்பு அறிவித்த பேட்டிக்குப் பதிலாக, இன்று மாலை ஏழு மணிக்கு, 'மாடியில் ரோஜா' தோட்டக்கலை நிகழ்ச்சி!"

"பரவாயில்லையே, அதுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணிட்டாங்க" என்றார் கூட வந்த ஏட்டு.

இன்ஸ்பெக்டர் முதலில் வீடியோ எடிட்டரை விசாரித்தார்.

"காப்பி எடுத்து வைக்கலையா?"

"நிருபர் அக்கா விடல மேடம். கம்ப்யூட்டர்ல ஏத்தினா மேல இருக்கறவங்க கண்ணுல பட்டுடும்னு பயம். இன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேரும் உக்காந்து எடிட் பண்றதா இருந்தோம்."

அடுத்து, கம்பெனி அனுப்பி வைத்திருந்த மேனேஜர். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எல்லா டிராயருக்கும் என்கிட்ட சாவி இருக்கு. அதனால நான்தான்னு முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?"

"பேட்டி யாரோடதுன்னு தெரியுமா?"

"ஏதோ பேட்டின்னு தெரியும். யாரோடதுன்னு தெரியாது."

சேனலுக்கு இருந்தது ஒரே அறிவிப்பாளர். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி காய்ச்சல் மேடம்... காலைல எந்திரிச்சா வெறும் காத்துதான் வருது."

"சிரமப்படாதீங்க. தலையாட்டுங்க, போதும்."

கடைசியாகச் செய்தி ஆசிரியர், நிருபரின் கணவர். ஏசி அறையிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மூணு மாசமா இதுக்காக நாயா அலைஞ்சா மேடம். எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க."

"உங்ககிட்ட சாவி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. அவ சாவியைத் தொலைச்சுக்கிட்டே இருப்பா."

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் எடிட்டிங் அறைக்கு அழைத்தார். நிருபர் சுவரோரம் நின்றாள். மேனேஜரைத் தவிர வேறு யாரையும் அவள் பார்க்கவில்லை.

"ரோஜா அறிவிப்பு யார் குரல்?"

"இவங்கதான்" என்றார் எடிட்டர், அறிவிப்பாளரைக் காட்டி.

"கார்டு காணோம்னு தெரிஞ்சது இன்னிக்குக் காலைல. காலைலருந்து இவங்களுக்குக் குரலே இல்ல. அப்ப, 'பேட்டிக்குப் பதிலாக'ன்னு எப்பப் பேசினாங்க?"

எடிட்டர் அறிவிப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்தே பேசியிருக்காங்க. பேட்டி வராதுன்னு நேத்தே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. பேசச் சொன்னது யாரும்மா?"

அறிவிப்பாளர் கண் கலங்கச் செய்தி ஆசிரியரைப் பார்த்தாள். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரி எடுத்தேன். உடைச்சுச் சாக்கடையில போட்டுட்டேன்."

நிருபர் கணவரின் எதிரே வந்து நின்றாள். "அவங்க மிரட்டினாங்களா?"

"இல்ல."

"பின்ன யார் சொன்னது?"

"யாரும் சொல்லல." தலையை நிமிர்த்தாமலே பேசினார். "அவங்க வாங்கின நாள்லருந்து ஒரு வார்த்தைகூட எதையும் போடாதேன்னு சொன்னதில்ல. எது பிடிக்காதுன்னு நானே யோசிச்சு யோசிச்சு ஒண்ணொண்ணா எடுத்துட்டிருக்கேன். இதை மட்டும் உன் முகத்தைப் பாத்து வேணாம்னு சொல்ல முடியல. அதான்..."

அவள் அவரை அடிப்பாள் என்று ஏட்டு நினைத்தார். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "கார்டு சேனலோட சொத்து மேடம். எங்களுக்குப் புகார் எதுவும் இல்ல."

திருடனைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கில்லாமல் இன்ஸ்பெக்டர் படியிறங்கினார்.

ஏழு மணிக்கு முன்பே நிருபர் கீழ்த்தெருவுக்குப் போனாள். ஆபரேட்டரின் மகள் டிவியை வாசலுக்குத் தூக்கி வந்து வைத்திருந்தாள். தெருவே கூடியிருந்தது. நடந்ததைச் சொன்னாள் நிருபர். ஆபரேட்டர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"நீங்க சொல்றீங்க, சரி" என்றார் கூட்டத்தில் ஒருவர். "நாளைக்கு ஓட்டு. நீங்களாக் கதை கட்டி விடறதா அவங்க சொன்னா, நாங்க எதைக் காட்டறது?"

நிருபர் வெறுங்கையை விரித்தாள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். "பேட்டி எடுத்த அன்னிக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன்க்கா. அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு. 'எம் பொண்ணு பயப்பட மாட்டா'ன்னு சொன்னாரு."

"எப்படிச் சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்களேன்."

நிருபர் முயன்றாள். வார்த்தைகள் மட்டுமே வந்தன.