இரண்டு உயிர் மீன்

அம்மா மறுபடியும் கண்ணைக் கசக்கினாள். கணினித் திரையில் கோடுகளால் வரைந்த இருபது மீன்கள் அசையாமல் நின்றன.

குழந்தைகள் மருத்துவமனை வாசலுக்கு ஓர் இரும்புத் தகடு. அதில் மீன் வடிவில் இருபது ஓட்டைகள். அம்மா வரைந்து அனுப்பினால், பட்டறை இயந்திரம் அந்தக் கோடுகளின் வழியே போய்த் தகட்டை வெட்டும். கோடு நீள நீள விலையும் ஏறும்.

"ரெண்டு மடங்கு விலை வருதுடி, வாலு. அஞ்சு மணிக்குள்ள சரியான விலை சொல்லலைன்னா, வெறும் தகடே போதும்னுடுவாங்க டாக்டரம்மா."

"அப்போ மீனே இருக்காதா?"

"இருக்காது. படம் பார்க்கச் சுத்தமாத்தான் இருக்கு. எங்க தப்புன்னே தெரியலை."

"கொஞ்சம் மீனை எடுத்துட்டா விலை குறையும்ல?"

"எடுத்துத்தான் பாரேன் தாயே. ஆனா நகல் எடுத்துட்டுத் தொடு."

அம்மா ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

வாலு நகல் எடுத்தாள். எந்த மீனை வெளியே அனுப்புவது? எல்லாமே பாவமாக இருந்தன. கடைசியில் மூலையில் இருந்த மீனைத் தேர்ந்தெடுத்து, "கோவிச்சுக்காதே" என்று சொல்லி, அழிக்கும் பொத்தானைத் தட்டினாள்.

மீன் அங்கேயே இருந்தது.

மறுபடி தட்டினாள். இப்போது போய்விட்டது. பக்கத்து மீனும் அப்படியே, இரண்டாவது தட்டில்தான் போனது.

"அம்மா! ஒவ்வொரு மீனுக்கும் ரெண்டு உயிரு இருக்கு!"

"எனக்கு அரை உயிருதான் இருக்கு. சும்மா இரு."

"நிஜமாம்மா! வந்து பாரேன்."

அம்மா துணியை எடுத்துவிட்டு வந்தாள். ஒரு மீனை மெல்ல நகர்த்தினாள். அடியில் அச்சு அசலாய் இன்னொரு மீன்!

"அடக் கடவுளே! காலைல தூக்கக் கலக்கத்துல எல்லா மீனையும் அதே இடத்துல ரெண்டு தடவை ஒட்டியிருக்கேன்."

"அதனால?"

"ஒரே கோட்டை ரெண்டு தடவை வெட்டணும்னு மெஷின் கணக்குப் போட்டிருக்கு. கோடு இருந்தா அது வெட்டும். எனக்குத் தூக்கம் வந்தது அதுக்கென்ன தெரியும்?"

நகலை மூடிவிட்டு, பழைய படத்தைத் திறந்து, அடியிலிருந்த இருபது மீன்களையும் அம்மா அழித்தாள். படத்தைப் பட்டறைக்கு அனுப்பினாள். புது விலை வந்தது. முன்னதில் பாதி! டாக்டரம்மாவுக்கு அதை அனுப்பும்போது மணி நான்கு ஐம்பது.

பதில் வருவதற்குள் அம்மா மேசையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

கைபேசி மினுக்கியது. 'இருபது மீனும் வேணும். வெட்டச் சொல்லிடுங்க.'

எழுப்பலாமா? அம்மாவின் குறட்டை வேண்டாம் என்றது. வாலு ஒரு தாளில் 'சரின்னுட்டாங்க!' என்று எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்டினாள்.

ஒரே ஒரு தடவைதான் ஒட்டினாள்.