நம்பர் பிளேட்டோடு நின்ற மழை

காலை ஆறரை மணி. நெடுங்காட்டு வாய்க்கால் மேடு வழியாக நடவுக்குப் போன பெண்கள்தான் காசியம்மாவை முதலில் பார்த்தார்கள். எருக்கஞ்செடி ஓரமாகக் குப்புறக் கிடந்தாள். ஒரு கை பாதையைப் பார்த்து நீண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு நாற்றுமுடி நசுங்கிச் சிதறியிருந்தது. தண்ணீர் தாமதமாக வந்ததால் அந்தப் பக்கம் நடவே முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது. மிஞ்சிய நாற்றை வீட்டுப் பின்பக்கம் ஊன்றலாம் என்று எடுத்து வந்திருக்கிறாள்.

சப்-இன்ஸ்பெக்டர் கவியா வந்து குனிந்து பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழையில் மேடு முழுக்கச் சேறு. ஆயுத பூஜைக்குப் பிறகு பெய்த ஒரே மழை அது. சேற்றில் தடித்த டயர்த் தடம் கலையாமல் இருந்தது; மழை ஓய்கிற நேரத்தில் நடந்திருக்க வேண்டும். வண்டியைத் திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தவன் அவளை இடித்திருக்கிறான். இடித்த இடத்திலிருந்து எருக்கஞ்செடி வரைக்கும் விரல்கள் கீறிய கோடுகள். இடுப்பு நொறுங்கியும் அந்த அம்மாள் ஊர்ந்திருக்கிறாள்.

தடத்தின் மேல் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் சில்லு கிடந்தது.

"பின்பக்க பம்பர் உடைஞ்சதுங்கம்மா," என்றார் ஏட்டு சின்னப்பிள்ளை. "டயரைப் பார்த்தா ஜீப்பு மாதிரி இருக்கு."

மதியம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதுதான் கவியாவின் தலையில் கொள்ளி வைத்தது. "உடனே செத்துடல. ரொம்ப நேரம் உயிரோட இருந்திருக்காங்க. அப்பவே தூக்கிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாங்க."

அன்று ஏறிய கோபம் அவளுக்கு இறங்கவே இல்லை. இடித்தது கூடப் போகட்டும். கீழே இறங்கி ஒரு பார்வை பார்க்காமல் போனானே, அவன் மனுஷனா?

அன்று மாலையே சாட்சி சொல்ல ஒருவர் தானாக வந்தார். வரிச்சிக்குடி புகழேந்தி. நிலமும் அரிசி ஆலையும் உள்ளவர். காசியம்மா அன்றைக்கு நட்டதே அவருடைய வயலில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மணலிலும் சேற்றிலும் ஜீப் ஓட்டுகிற நண்பர் கூட்டம் ஒன்று அவருக்கு உண்டு.

"மழை விடுற நேரங்க. பைக்ல வந்துக்கிட்டிருந்தேன். தூரத்துல ஒரு கறுப்பு ஜீப்பு விருட்டுனு போச்சு. 'ஐயா'ன்னு ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்திச்சு. யாரோ ஆட்டுக்காரங்கன்னு நெனச்சு வந்துட்டேன். இப்ப நெனச்சா வயிறு எரியுதுங்க."

"யார் ஜீப்?"

"சொல்லச் சங்கடமா இருக்கு. நம்ம அஜ்மீர் வண்டியாட்டம்தான் தெரிஞ்சிச்சு."

"உங்ககிட்டயும் அதே கறுப்பு ஜீப்தானே இருக்கு?"

"தாராளமா வந்து பாருங்க." புகழேந்தி கொஞ்சமும் அசரவில்லை. "நான் பின்னாடி இரும்பு பம்பர் மாட்டியிருக்கேன். பூஜைக்கு முன்னாடியே மாட்டியாச்சு. பிளாஸ்டிக் சில்லு கெடந்துச்சுன்னு ஊரே பேசுது. இரும்புல ஏது பிளாஸ்டிக்கு?"

அஜ்மீரின் ஜீப்பைப் போய்ப் பார்த்தார்கள். பின்பக்க பிளாஸ்டிக் பம்பரின் வலது மூலை உடைந்து போயிருந்தது. வேறென்ன வேண்டும்? ஆளைக் கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தவன் அஜ்மீர்; புகழேந்தியின் ஜீப் கூட்டத்தில் ஒருவன். அந்த வாரக் கடைசியில் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் விசா போய்விடும், வேலையும் போய்விடும்.

"அல்லா மேல சத்தியமா நான் இல்லங்க மேடம். அன்னைக்கு எனக்குக் காச்சல். அர்ஷியாவக் கேளுங்க, வீட்டவிட்டு நகரல."

"பொண்டாட்டி சொன்னா ஆச்சா? பம்பர் எப்படி உடைஞ்சிச்சு?"

"பீச்சுல சவுக்குக் கட்டையில இடிச்சேன். பூஜைக்கு ரெண்டு வாரம் முந்தி. புகழேந்தி அண்ணன்தான் பக்கத்துல நின்னாங்க. சிரிச்சாங்க கூட. அவங்களையே கேளுங்க."

கவியா சில்லை எடுத்துப் போய் அஜ்மீரின் உடைந்த பம்பரில் வைத்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தவில்லை. இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

"நடுவுல இன்னொரு துண்டு காணாமப் போயிருக்கும்மா. சேத்துல எங்கயாச்சும் கெடக்கும். சாட்சி இருக்கு, உடைஞ்ச வண்டி இருக்கு. நாளன்னிக்கு ரிமாண்டுக்கு அனுப்பிடுவோம்."

காசியம்மாவை அடக்கம் செய்த அன்று புகழேந்தி பெரிய மாலையோடு வந்தார். காசியம்மாவின் ஒரே மகள் நிலா, நர்சிங் படிக்கிறவள், அத்தனை பேர் பார்க்க அவர் காலில் விழுந்தாள். "நீங்க மட்டும் வாயத் தொறந்து சொல்லலைன்னா அவன் தப்பிச்சிருப்பான்." அவர் அவளைத் தோளைத் தொட்டு எழுப்பி விட்டார். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்த நிலா, செருப்பைக் கழற்றி அஜ்மீரின் முகத்தில் வீசினாள். அவன் துடைத்துக்கொள்ளக் கூட இல்லை.

ரிமாண்டு நாள். மதியம் மூன்று மணிக்கு அஜ்மீரைக் கோர்ட்டுக்குக் கொண்டு போக வேண்டும். காலையில் கவியா வரிச்சிக்குடிக்குப் போனாள்.

ஆலைக் கொட்டகைக்கு வெளியே ஜீப் நின்றது. பூஜை போட்ட வண்டி. பானெட்டில் வைத்திருந்த சந்தனமும் குங்குமமும் கரைந்து கோடுகோடாக வழிந்து காய்ந்திருந்தன. பின்கதவிலும் அப்படியே. கீழே கனத்த கறுப்பு இரும்பு பம்பர், கீறல் இல்லை. அதன் நடுவில் சட்டத்தோடு நம்பர் பிளேட். வெள்ளைப் பிளேட்டின் நெற்றியில் வைத்த குங்குமம் கீழ் விளிம்பு வரைக்கும் இறங்கியிருந்தது. பம்பரின் இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததைப் போல இரண்டு வட்டச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"பூஜை பலமாத்தான் போட்டிருக்கீங்க," என்றாள் கவியா.

"இரும்புக்குப் போடாம வேற எதுக்குப் போடுறதுங்க?" புகழேந்திக்குப் பெருமை தாங்கவில்லை. "கோயம்புத்தூர்லேர்ந்து வரவழைச்சேன். வந்து எறங்குனது எங்க குரூப்ல எல்லாருக்கும் தெரியும். யாரையும் கூப்புடல, நானே மாட்டினேன். பழச கழட்டிட்டு, வண்டியோட அடிச்சட்டம், அந்த சேஸி முனையில ரெண்டு பக்கமும் பிராக்கெட்ட வச்சு, ஜாக்கியில தூக்கி நிறுத்தி, மட்டம் பாத்து போல்ட்ட முறுக்கணும். அவ்வளவுதாங்க."

"பழைய பம்பர்?"

"பழைய சாமான்காரன் அள்ளிக்கிட்டுப் போயிட்டான்."

"அஜ்மீர் பீச்சுல பம்பர இடிச்சுக்கிட்டப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களாமே?"

புகழேந்தி வானத்தைப் பார்த்து யோசித்தார். "எனக்கு நினைவு இல்லீங்களே. பாவம், பயத்துல எதையாச்சும் சொல்றான்."

கூடச் சேர்ந்து சோறு தின்றவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது இந்த ஆளுக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது. கவியாவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வர வேண்டியிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் சின்னப்பிள்ளை ஈரத்துணியோடு போலீஸ் ஜீப்பைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். அதற்கும் பூஜை போட்டிருந்தார்கள். துப்பாக்கிக்கும், கம்ப்யூட்டருக்கும், வாசலைப் பெருக்குகிற துடைப்பத்துக்கும் கூடப் பொட்டு வைப்பது அந்த ஸ்டேஷன் வழக்கம்.

"மழையில கரைஞ்சு பாக்கச் சகிக்கலங்கம்மா. கோர்ட்டுக்குப் போற வண்டி. பானெட்டுலேர்ந்து பம்பர் வரைக்கும் ஒரே செவப்பு."

கவியா அப்படியே நின்றாள். பானெட்டில் தொடங்கிய குங்குமக் கோடு கிரில் வழியாக இறங்கி, நம்பர் பிளேட்டைக் கடந்து, பம்பரின் கீழ் விளிம்பு வரைக்கும் அறுபடாமல் ஓடியிருந்தது.

"துணியக் கீழ போடுங்கண்ணே. ஸ்பேனர் பெட்டிய எடுத்து வண்டியில வைங்க."

ரிமாண்டுக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிலாவைப் பார்த்தாள். "நீயும் ஏறும்மா."

"நான் எதுக்குங்க? அவன உள்ள தள்ளுறத நான் பாக்கணும்."

"பாக்கத்தான் கூப்புடுறேன். ஏறு."

புகழேந்தி இந்த முறை அவ்வளவு தாராளமாக வரவேற்கவில்லை. கவியா ஜீப்பின் பின்னால் போய் நின்றாள்.

"சார், இந்தப் பொட்டு எப்ப வச்சது?"

"பூஜை அன்னைக்குத்தான்."

"பானெட்டுல வச்சது?"

"எல்லாம் ஒண்ணாத்தாங்க வச்சோம்."

"பானெட்டுல வச்சது மழையில கரைஞ்சிருக்கு. பின்கதவுல வச்சது கரைஞ்சிருக்கு. நம்பர் பிளேட்டுல வச்சது கரைஞ்சு கீழ் விளிம்பு வரைக்கும் வந்திருக்கு. அதுக்குக் கீழ இரும்புல ஒரு சொட்டு செவப்பு இல்ல. பக்கத்துல இருக்குற பொட்டு கலையவே இல்ல. ஏன் சார், மழை நம்பர் பிளேட்டோட நின்னுபோச்சா?"

புகழேந்தி குனிந்து பம்பரைப் பார்த்தார். "அது வந்து... மழைக்கப்புறம் வீட்டுல மறுபடி வச்சிருப்பாங்க."

"பானெட்ட விட்டுட்டு, கதவ விட்டுட்டு, பம்பருக்கு மட்டும் வச்சாங்களா?"

புகழேந்தி பம்பருக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் சொல்றேன். இந்த வண்டி மழையில நனைஞ்சப்ப நம்பர் பிளேட்டு வேற பம்பர்ல இருந்திச்சு. பிளாஸ்டிக் பம்பர்ல. வழிஞ்ச மிச்சக் கோடெல்லாம் அதோட போயிருச்சு. இந்த இரும்பு வந்து எறங்குனத எல்லாரும் பார்த்தாங்க, சரி. மாட்டுனத யார் பார்த்தா? அண்ணே, வலது பக்க போல்ட்டக் கழட்டுங்க."

"வாரன்ட் இல்லாம..."

"தாராளமா வந்து பாருங்கன்னு வாக்குமூலத்துல சொன்னீங்களே. பாக்குறேன்."

சின்னப்பிள்ளை ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட்டு முறுக்கினார். போல்ட்டு ஒவ்வொன்றாக இளகியது. பிராக்கெட் சேஸி முனையை விட்டு நகர்ந்தது. இரண்டு இரும்புக்கும் நடுவே சேறு அப்பளமாக அழுந்திக் காய்ந்திருந்தது. பூஜைக்கு முன்பே மாட்டியிருந்தால் சேறு வெளியேதான் ஒட்டியிருக்கும். போல்ட் போட்டு இறுக்கிய இடுக்குக்குள் அது நுழைய வழியே இல்லை. கவியா குனிந்து அந்தச் சேற்றைக் கவனித்தாள். அதற்குள் நசுங்கித் தட்டையாகி, வேரும் தாளுமாக, இன்னும் பச்சை மாறாத ஒரு நாற்று ஒட்டியிருந்தது.

நிலா அதைப் பார்த்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"எந்த மடையனும் இரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி சேஸியத் துணியால துடைப்பான்," என்றாள் கவியா. குரல் உயர்ந்துவிட்டது, அடக்கவும் அவள் விரும்பவில்லை. "உனக்கு அதுக்குக் கூட நேரமில்ல. அங்க அந்த அம்மா சேத்துல ஊர்ந்துக்கிட்டிருந்தப்ப நீ இங்க கொட்டகையில மட்டம் பாத்துக்கிட்டிருந்த. எல்லாம் முடிச்சிட்டு, பூஜைக்கு முன்னாடியே மாட்டுன மாதிரி தெரியணும்னு பொட்டு வேற வச்ச. வைக்காம விட்டிருந்தா, மழை கழுவிட்டுப் போயிருச்சுன்னு நானே நெனச்சிருப்பேன். அஜ்மீர் இன்னைக்கே ஜெயிலுக்குப் போயிருப்பான்."

இனி அவருக்கு மரியாதை எதற்கு? புகழேந்தி தரையில் உட்கார்ந்தான்.

"தெரியாம நடந்துபோச்சுங்க. மழை. கண்ணாடியில ஒண்ணும் தெரியல. வண்டியத் திருப்பினேன், அவ்வளவுதான்."

"'ஐயா'ன்னு சத்தம் கேட்டிச்சுன்னு சொன்னியே. யாரக் கூப்புட்டாங்க?"

பதில் நிலாவிடமிருந்து வந்தது.

"எங்கம்மா ஊர்ல எல்லாரையும் தம்பின்னுதாங்க கூப்புடும். இவர மட்டும்தான் ஐயாங்கும்." அவள் ஜீப்பைக் காட்டினாள். "வண்டிய அடையாளம் தெரிஞ்சிருக்கு. காப்பாத்துவாருன்னு கூப்புட்டிருக்கு."

கவியா ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். "அஜ்மீரை அனுப்பிடுறேன்மா," என்றார் கடைசியில்.

"அனுப்பினா மட்டும் போதாது சார். ஒரு வார்த்தை மன்னிப்பும் கேளுங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சின்னப்பிள்ளை புகழேந்தியைக் கையைப் பிடித்து எழுப்பினார். ஜீப்பைத் தாண்டிப் போகும்போது நிலா குறுக்கே வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து ஏட்டு தடுக்கப் போனார். அவள் கையை ஓங்கவில்லை.

"உங்க கால்ல விழுந்தேனே, அப்ப ஏன் என்னத் தூக்கி விட்டீங்க?"

அவன் அவளைத் தாண்டி நடக்கப் பார்த்தான்.

"அந்தக் கும்புட்டைத் திருப்பிக் குடுங்க."

புகழேந்தி இரண்டு கையையும் எடுத்து அவளைக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் கூட வந்துவிட்டது.

"இது உங்களோடது. எனக்கு வேணாம்," என்றாள் நிலா. "நான் போட்டதக் குடுங்க. நான் அத அஜ்மீர் அண்ணன்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கணும்."

அவன் கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. போய்ப் போலீஸ் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஸ்டேஷனுக்கு விடுங்க, அவரு கெளம்பிடுறதுக்குள்ள போகணும்," என்றாள்.