214-ம் கட்டைக் காணோம்!

பின்கதவைத் திறந்து வந்த ஒச்சாண்டி அப்படியே நின்றுவிட்டான்.

வாசிப்பு மேஜையில் ஒரு ஆள் கவிழ்ந்து கிடந்தான்.

தூக்கமா?

வராகக்கரை ஜமீன் ரெக்கார்டு ரூமில் தூங்கக் கூடாது. அது ஒன்பதாம் விதி! பியூன் ஒச்சாண்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சுவரில் தொங்கும் பலகையில் இருக்கிற பன்னிரண்டு விதியும் தலைகீழ்ப் பாடம். பதினோரு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவன்.

"அய்யா... ஏந்திரிங்க. மணி ரெண்டாச்சு."

அசைவில்லை.

தோளைத் தொட்டான். கை ஈரமானது.

ரத்தம்!

"ஆத்தாடி...!"

மேஜைக்குக் கீழே ஓர் இரும்புக் குண்டு கிடந்தது. பழைய வரைபடங்கள் சுருண்டுகொள்ளாமல் இருக்க மேலே வைக்கிற குண்டு. அதிலும் ரத்தம். செத்தவனின் விரலிடுக்கில் ஒரு பென்சில். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான் என்பது இரண்டாம் விதி. பாவி மனுஷன், விதியை மீறாமலே செத்திருந்தான்!

காலையில் சிரித்துக்கொண்டே வந்த வக்கீல் குமாஸ்தா மிக்கேல்.

"என்னலே சத்தம்?" முன்வாசலிலிருந்து ஓர் அதட்டல். "வாசிப்பு அறையில சத்தம் போடலாமா? எத்தனாவது விதி?"

ரெக்கார்டு கீப்பர் பலவேசம். கக்கத்தில் குடை. மூக்கு நுனியில் கண்ணாடி. மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் சரியாக இரண்டு மணிக்குத் திரும்பியிருந்தார்.

"நாலாவதுங்கய்யா... ஆனா இங்கன... மிக்கேல் அய்யா..."

பலவேசம் பார்த்தார். குடை நழுவியது.

"அடப்பாவி! என்ன காரியம்டா பண்ணிட்ட?"

ஒச்சாண்டி பின்வாங்கினான்.

"நானா? நான் இப்பத்தான் கதவைத் தொறந்தேன்!"

"அதை போலீஸ்கிட்ட சொல்லு. அவங்க வர்ற வரைக்கும் உன்னை விட்டு ஒரு அடி நகரமாட்டேன்!"

சொன்னபடியே செய்தார். பெரியகுளம் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்து ஒச்சாண்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்த 1937-ல் ஒச்சாண்டியின் ஊர்க்காரர்கள் பாதிப் பேர், குற்றப் பரம்பரை என்று கைரேகை வாங்கி வைக்கிற ரேகைச் சட்டத்தில் இருந்தார்கள். ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். அதிலிருந்து ஒச்சாண்டி பெயரை எடுக்க ஜாமீன் கடிதம் எழுதிக் கொடுத்ததே இந்தப் பலவேசம்தான். குலசாமிக்கு அடுத்தபடி அவன் கும்பிடுகிற ஆள். அவரே கைகாட்டினால்... தூக்குத்தான்! வீட்டில் பொண்டாட்டி ராமுத்தாய்க்கு ஏழு மாதம்.

மூன்றரை மணிக்குப் போலீஸ் வேன் வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் அழகுமலை, வாயில் சுருட்டோடு படியேறினார். பின்னால் ஒரு ஏட்டு.

"நில்லுங்க!" பலவேசம் கையை நீட்டித் தடுத்தார். "சுருட்டும் தீப்பெட்டியும் வெளியே. மூணாவது விதி."

"யோவ்! உள்ள பொணம் கெடக்கு!"

"பொணம் ஒண்ணுதான் ஐயா. உள்ள நாலாயிரம் பத்திரக் கட்டு இருக்கு."

அழகுமலை முறைத்தார். ஆனாலும் சுருட்டை அணைத்து வெளியே வைத்துவிட்டுத்தான் வந்தார். பிணத்தைப் பார்த்தார். குண்டைப் பார்த்தார்.

"சொல்லுங்க கீப்பரய்யா. ஆரம்பத்துல இருந்து."

"வெள்ளிக்கிழமை கோர்ட்டுல ஒரு மாந்தோப்பு வழக்கு. பழைய எல்லைப் பத்திரத்தைப் பாக்கணும்னு மிக்கேல் காலையில வந்தாரு. அது 214-ம் கட்டுல இருக்கு. ஒரு மணிக்குக் கட்டைத் திருப்பிக் குடுத்துட்டு எல்லாரும் வெளியே போகணுங்கிறது விதி. அவரும் நானும் ஒண்ணாத்தான் போனோம். முன்கதவை நான் பூட்டினேன். பின்கதவுச் சாவி... இவன்கிட்ட!"

"பொய்!" ஒச்சாண்டி அலறினான். "மிக்கேல் அய்யா உக்காந்துதான் இருந்தாரு எசமான்! நீ போய்ச் சாப்புடு, நான் பூட்டிக்கிறேன்னு இவுகதான் சொன்னாக!"

பளார்! அழகுமலை அறைந்தார்.

"ஏலே! கேட்டாப் பேசு. ஒரு மணியில இருந்து ரெண்டு வரைக்கும் எங்கன இருந்த?"

"பின்னால மாமரத்தடியில... கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருந்தேன்."

"பாத்த ஆளு?"

"...இல்லைங்க."

"ரேகை எந்த ஸ்டேஷன்ல?"

ஒச்சாண்டி தலையைக் குனிந்தான். அதற்குப் பதில் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? எஸ்.ஐ.யின் கண்ணில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"இவன் அந்தக் கட்டைத் திருடத்தான் பின்பக்கமா வந்திருக்கான்," என்றார் பலவேசம். "ஏதோ சத்தம் கேட்டு மிக்கேல் திரும்பி வந்திருப்பாரு. மாட்டிக்கிட்டோம்னு தலையில போட்டுட்டான். 214-ம் கட்டு இருந்த இடம் காலியாக் கிடக்கு ஐயா! எவனுக்கோ கொண்டுபோய்க் குடுத்துட்டான். நான் ஜாமீன் குடுத்தவன்... பாம்புக்குப் பால் வார்த்துட்டேன்."

"விலங்கை மாட்டு!"

ஏட்டு மாட்டினார். ஒச்சாண்டியின் முதுகில் ஒரு தள்ளு விழுந்தது.

வாசல்படி வரை போனவன்...

சட்டென்று நின்றான்.

"எசமான்! ஒரே ஒரு வார்த்தை!"

"நடலே!"

"கீப்பரய்யா ரெண்டு மணியில இருந்து என் முன்னாலதான் உக்காந்திருக்காக. கட்டு அடுக்கியிருக்கிற உள்ளறைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. எடம் காலியாக் கெடக்குன்னு... அவுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

அழகுமலை மெல்லத் திரும்பினார்.

"நல்ல கேள்வியாத்தான் இருக்கு. என்ன கீப்பரய்யா?"

"அது... ஒரு ஊகம்தான்... கொலை பண்ணினவன் கட்டை விட்டுட்டா போவான்?"

"ஊகமா? காலியாக் கிடக்குன்னு பாத்த மாதிரி சொன்னீரே! வாங்க, உள்ள போய்ப் பாப்போம்."

"முடியாது!" பலவேசம் பாய்ந்து உள்ளறைக் கதவை மறித்தார். "வெளியாள் உள்ளறைக்குள்ள போகக் கூடாது. பத்தாவது விதி! மனு எழுதிக் குடுத்தா பியூன்தான் எடுத்து வரணும்!"

"அப்படியா?" அழகுமலை சிரித்தார். அந்தச் சிரிப்பு பலவேசத்துக்குப் பிடிக்கவில்லை. "விதிப்படியே போவோம். மனு எழுதறேன்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"மை கூடாது!"

பலவேசத்தின் வாய் தானாகச் சொன்னது. சொன்னதோடு நிற்கவில்லை. கையே ஒரு பென்சிலையும் எடுத்து நீட்டியது!

எஸ்.ஐ. பென்சிலால் எழுதினார். 214-ம் கட்டு. கையெழுத்து. தேதி.

"பியூன், போய் எடுத்துட்டு வா. ஏட்டு! நீ கதவுகிட்ட நில்லு. விலங்கு அப்படியே இருக்கட்டும்."

ஒச்சாண்டி உள்ளே போனான்.

உள்ளறையில் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்தது. இரண்டு பக்கமும் கூரை முட்ட அலமாரி. எண்ணைப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கட்டு எங்கே என்று கை அறியும். ஐந்தாவது வரிசை... மூன்றாவது தட்டு... ஓரத்திலிருந்து எட்டாவது...

கையை விட்டான்.

கட்டு இல்லை!

ஆனால்...

விரலில் ஏதோ தட்டியது. மொடமொடப்பாக. உருவி எடுத்தான்.

சிவப்புச் சீட்டு!

ஒரு கட்டை எடுத்தால் அந்த இடத்தில் சிவப்புச் சீட்டு வைக்க வேண்டும். ஆறாம் விதி. எந்தக் கட்டு, எடுத்தவர் யார், எத்தனை மணிக்கு, என்றைக்குத் திரும்பி வரும் — எல்லாவற்றையும் கீப்பர் எழுதித் தருவார். ஒச்சாண்டி வைப்பான். கட்டு திரும்பியதும் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். மிக்கேலின் சீட்டை ஒரு மணிக்கு அவன் கையாலேயே கிழித்தானே! வாசிப்பு அறைக் குப்பைக்கூடையில் இன்னும் கிடக்கிறதே!

அப்படியானால் இது?

யார் எழுதினது? என்ன எழுதியிருக்கு? நம்மள மாட்டிவிட நம்ம பேரையே எழுதி வச்சிருந்தா?

எழுத்தைப் பார்த்தான். எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. படிக்கத் தெரியாமல் போனதற்கு ஜென்மத்தில் முதல் முறையாக அழுகை வந்தது.

ஏட்டு கதவருகே வெளிப்பக்கம் பார்த்து நின்றிருந்தார். வாய்க்குள் போட்டால் இரண்டு மெல்லு. ஒரு முழுங்கு. முடிந்தது கதை!

சீட்டு வாய்வரை போனது.

'கட்டு திரும்பாம சீட்டைக் கிழிக்கக் கூடாது. ஏழாவது விதி!'

பதினோரு வருஷப் பழக்கம். கையை இறக்கினான்.

"வர்றது வரட்டும் ஆத்தா..." என்றபடி வெளியே வந்தான்.

"கட்டு எங்கலே?" என்றார் அழகுமலை.

"இல்லைங்க எசமான். இதுதான் இருந்துச்சு."

சிவப்பைப் பார்த்ததும் பலவேசத்தின் முகம் வெளுத்தது. எஸ்.ஐ. சீட்டை வாங்கினார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"உனக்கு எழுதத் தெரியுமாலே?"

"கைநாட்டுங்க."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

ஒச்சாண்டி கண்ணை மூடிக்கொண்டான். "எம்பேருங்களா எசமான்?"

அழகுமலை உரக்கப் படித்தார்.

"கட்டு நம்பர் 214. எடுத்தவர்... பலவேசம்! நேரம்... பகல் ஒண்ணு இருபத்தஞ்சு!"

ஒச்சாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பலவேசம் தன் வலது கையையே பார்த்தார். அது ஏதோ அடுத்தவன் கை மாதிரி.

"எழுதினேனா...?" விரல்களை மடக்கி விரித்தார். "எப்ப எழுதினேன்...? முப்பது வருஷமா கட்டை உருவினா கை தானா சீட்டை எழுதும்... எனக்கு ஞாபகமே இல்லையே..."

"மிக்கேல் என்னய்யா பண்ணினாரு உமக்கு?"

"தோப்புக்காரனுக்காக நான் ஆறு வருஷம் முன்னால எல்லையை மாத்தி நகல் எழுதிக் குடுத்தேன். மிக்கேல் அந்த நகலைக் கொண்டுவந்து ஒரிஜினலோட ஒப்பிட்டுப் பாத்துட்டான். கோர்ட்டுல சொல்லுவேன்னான். சொல்லியிருந்தா எனக்கு ஜெயிலு. கெஞ்சினேன்... கேக்கல. குண்டு கைகிட்ட இருந்துச்சு..."

"கட்டு எங்க?"

"வீட்டுல... நெல்லுக் குதிருக்குள்ள."

அழகுமலை வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு கேள்விப்பட்டிருக்கேன்யா. நீரு சீட்டெழுதி வச்சுட்டே வந்திருக்கீரு!"

ஒச்சாண்டியின் விலங்கு கழன்றது. அதே விலங்கு பலவேசத்தின் கையில் ஏறியது. குப்பைக்கூடையிலிருந்து மிக்கேலின் கிழிந்த சீட்டையும் ஏட்டு பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

எஸ்.ஐ. ஒச்சாண்டியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"எங்களுக்கு அது பழக்கம்தானுங்களே எசமான்," என்றான் ஒச்சாண்டி. அதில் சிரிப்பு இல்லை.

வேன் கிளம்பப் போனது.

"எசமான்! நில்லுங்க!"

ஒச்சாண்டி ஓடி வந்தான். கையில் ஒரு புதுச் சிவப்புச் சீட்டு. கூடவே பென்சில்.

"ரெக்கார்டு ரூம்ல இருந்து எதை எடுத்துட்டுப் போனாலும் அங்கன சீட்டு வைக்கணுங்க. ஆறாவது விதி. கீப்பரய்யா நாற்காலி காலியாக் கெடக்கு. எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அழகுமலை அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு முழங்காலில் சீட்டை வைத்து எழுதினார்.

"எடுத்தது: பலவேசம். எடுத்தவர்: போலீஸ். நேரம்: நாலே முக்கால்..." பென்சில் நின்றது. "திரும்பி வர்ற தேதின்னு ஒண்ணு இருக்கேலே. என்ன போட?"

ஒச்சாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்தான். பலவேசம் தலை நிமிரவில்லை.

"அதைச் சும்மா விட்டுருங்க எசமான்... திரும்பி வராததுக்குத் தேதி எதுக்கு? பென்சிலாவது மிஞ்சட்டும்!"