கல் சட்டை போட்ட வீடு

லண்டனில் ஒரு பிரபுவின் செங்கல் வீட்டை ராஜா வாங்கினார். முழுதாக இடிக்க மனசில்லை. சுற்றிலும் வெள்ளைக்கல்லை அடுக்கி, அரண்மனை என்று பெயர் வைத்துவிட்டார்கள். விழுங்கிய இரை செரிக்காத பாம்பு மாதிரி, அதன் வயிற்றுக்குள் பழைய வீடு அப்படியே கிடந்தது.

ராஜா குடிவர மூன்று நாள் இருக்கும்போது டார்கஸ் தரை தேய்க்க வந்தாள். சன்னல்களில் பாதி திறக்காது. கணப்பு மூட்டினால் புகை அறைக்குள்ளேயே திரும்பும். தங்கம் பூசிய கூரைக்குக் கீழே சாக்கடை நாறியது.

அவள் கணவன் ஏமஸ் இங்கே கொத்தனார். பழைய மாடிப்படியைப் புதுச்சுவர் எழுப்பி மூடிய அன்று காணாமல் போனவன். எவளோடோ ஓடிவிட்டான் என்று மேஸ்திரி கிராப் தெருவெல்லாம் சொல்லிவைத்தான். பதினோரு மாதமாக அவள் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். ஓடினானா, செத்தானா? அது தெரியத்தான் வந்தாள்.

மதியம், அந்தச் சுவரோரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

டக்.

கை நின்றது.

டக். டக்.

சுவருக்குள் யாரோ படியேறினார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது.

“ஐயா, உள்ள ஆள் நடக்குது.”

“எலிம்மா. ராஜா வீட்டு எலி பூட்ஸ் போட்டுத்தான் நடக்கும்,” என்றான், வேலையை மேற்பார்த்து நின்ற கிராப்.

“மூடுறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாத்தீங்களா?”

“உன் மூஞ்சி சகிக்காம ஓடினான் உன் புருஷன். அதுக்கு நான் சுவத்த இடிக்கணுமா?”

“இடிக்க வேணாம். காதை வெச்சுப் பாருங்க.”

சிரித்துக்கொண்டே வைத்தான்.

காலடி இறங்கி வந்தது. ஒவ்வொரு படியாக. அவன் காதருகே நின்றது.

சிரிப்பும் நின்றது.

முகத்தை எடுத்தபோது அவன் கன்னத்தில் ஈரச் சுண்ணாம்பு. நான்கு விரல் தடம். சுவரோ காய்ந்து கிடந்தது.

“எட்டிப் பாக்கலை,” என்று முனகினான். “சாயங்காலத்துக்குள்ள மூடணும்னாங்க… உள்ள இருந்து கூப்பிட்டான்.”

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சுவரை யாரும் இடிக்கவில்லை. மறுநாள் அதன்மேல் ஆள் உயரக் கண்ணாடி பதித்தார்கள். ராஜா வந்தார். சீமாட்டிகள் அதன் முன் நின்று கூந்தலைச் சரிசெய்துகொண்டார்கள்.

ஒரு காலையில் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் வட்டமாக ஆவி படிந்திருந்தது. டார்கஸ் துடைத்தாள். போகவில்லை. அது உட்பக்கம்.

துணியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வட்டத்தில் நெற்றியைப் பதித்தாள்.

கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.