விலக்கு பெற்றவள்

நிலவின் தென்துருவக் குடியிருப்பில் ஓடாதவருக்கு இட்லி கிடையாது.

காலையில் எழுந்ததும் எல்லோரும் ஓட்டக்கூடத்துக்குப் போவார்கள். தோளிலும் இடுப்பிலும் ரப்பர் வார்களை மாட்டித் தங்களைத் தரையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். காலுக்கடியில் ஓடுபட்டை பின்னோக்கி நகரும். யாரும் எங்கும் போய்ச் சேர மாட்டார்கள். தோலுக்குள் பதித்திருக்கும் எலும்பளவி 'போதும்' என்று சொன்னால்தான் சமையற்கூடத்தின் கதவு திறக்கும். அந்தக் கதவுக்குப் பேசத் தெரியும், இரக்கப்படத் தெரியாது. கல்யாண நாள், காய்ச்சல், கணவன் மனைவி சண்டை என்று என்ன காரணம் சொன்னாலும் திரும்பிப் போய் ஓடச் சொல்லும்.

காரணம் இல்லாமல் இல்லை. நிலவின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். சுமக்க ஒன்றும் இல்லாத எலும்பு மெல்ல மெல்லக் கரைய ஆரம்பித்துவிடும். கரைந்த எலும்போடு பூமிக்குத் திரும்பினால் கப்பல் இறங்கும் அதிர்ச்சியிலேயே இடுப்பு அப்பளமாக நொறுங்கும். அதனால் எலும்புத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே கப்பலில் இடம்.

ஓடாமல் இட்லி சாப்பிடும் ஒரே ஆள் மங்கையர்க்கரசி. அவள் வந்தாலே கதவு குரலைக் குழைத்துக்கொள்ளும்.

"விலக்கு பெற்றவர். உணவருந்தலாம்."

ஓட்டக்கூடத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வருகிறவர்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். "கொடுத்து வெச்சவங்க அக்கா நீங்க" என்பான் சவேரி. குழாய்ப் பிரிவில் அவளோடு வேலை பார்ப்பவன். அவன் கிண்டலாகச் சொல்வதில்லை. மனதாரச் சொல்வான். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

அரசிக்குப் பிறவியிலிருந்தே இரண்டு கால்களும் அசையாது. தூத்துக்குடியில் படித்த நாட்களில், விளையாட்டு வகுப்பு வந்தால் மாஸ்டர் அவளுடைய சக்கர நாற்காலியை மைதானத்து ஓரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவார். மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து அவள் மடியிலும் காலடியிலும் செருப்புகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். "பாத்துக்கோம்மா, நாய் தூக்கிட்டுப் போயிடாம" என்பார் மாஸ்டர். அவர் நல்ல மனுஷர். வெயில் படாமல் நிழலாகப் பார்த்துத்தான் நிறுத்துவார். பள்ளிக்கூடம் முடியும்வரை அவள் செய்த உடற்பயிற்சி அதுதான்.

அவள் குழாய்ப் பற்றவைப்பில் தேர்ந்த பிறகு நிலவுக்கு ஆள் எடுத்தார்கள். 'நிலவில் ஊனம் இல்லை' என்று விளம்பரம் செய்தார்கள். ஓரளவு உண்மைதான். அங்கே கால் என்பது சும்மா கூடவே வரும் சாமான். மற்றவர்கள் ஈயம் வைத்த எடைக்காலணிகளை மாட்டிக்கொண்டு தொப்புத் தொப்பென்று நடக்க, அவள் கூரைக் கம்பிகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து அவர்கள் தலைக்கு மேலே பறந்து போவாள். கணவனிடமும் நாலு வயது மகள் பூங்கோதையிடமும் ஒரே ஒரு ஒப்பந்தம்தான், முடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஓடி என்ற வார்த்தையை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஒப்பந்தம் முடியவிருந்தது. அடுத்த ஆண்டு கப்பல் வரும், அதை விட்டால் மூன்று ஆண்டுகளுக்கு வேறு கப்பல் இல்லை. அப்போதுதான் அவளுடைய எலும்பளவி சிவப்புக் காட்டத் தொடங்கியது. அவள் குடியிருப்பின் மருத்துவர் அருணகிரியைப் பார்க்கப் போனாள்.

"ஓடுறதைத் தவிர வேற பயிற்சியே கிடையாதா டாக்டர்?"

"இருக்கலாம். ஆனா ஆய்வு இல்லையே அரசி. இதுவரைக்கும் வந்த எலும்பு ஆய்வெல்லாம் நடக்கிறவங்களை வெச்சுப் பண்ணினதுதான்."

"எங்களை ஏன் சேர்க்கலை?"

"சேர்த்தா முடிவு குழம்பிடும்னு ஆரம்பத்துலயே எடுத்துடுவாங்க. துல்லியமா இருக்கணும் இல்லையா?"

"என் எலும்பு கரையுறது மட்டும் துல்லியமாத்தான தெரியுது."

அருணகிரியும் நல்ல மனுஷர்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை, அதனால்தான் யாரையும் பிடித்து உலுக்க முடியவில்லை.

"அப்போ என்னை வெச்சு ஆய்வு பண்ணுங்க" என்றாள் அரசி.

பழுதாகிக் கிடந்த நீரேற்றியிலிருந்து சக்கரத்தை எடுத்தாள். சவேரி கூட இருந்து உதவினான். இருக்கையில் உட்கார்ந்து, ரப்பர் வார்களால் தோளையும் இடுப்பையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரு கைகளாலும் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். சக்கரம் சுலபத்தில் அசையாது. சுழலும்போது மிதிகளில் கட்டிய கால்களையும் சேர்த்து உதைக்க வைக்கும். முதுகும் இடுப்பும் முழுச் சுமையையும் வாங்கும். அதற்குக் கைச்சுழலி என்று பெயர் வைத்தார்கள். முதல் வாரம் அரசியால் சோற்றுக் கரண்டியைத் தூக்க முடியவில்லை. வலி என்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

சில மாதங்களில் எலும்பளவி சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது, மஞ்சளிலிருந்து பச்சையின் விளிம்புக்கு. பூங்கோதைக்குச் செய்தி அனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் கூட்டிப்போக நான் வருவேன் என்றாள். நிஜமாவா, நிஜமாவா என்று கேட்டு மகளிடமிருந்து பதில் வந்தது.

ஆய்வு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. ஓடுகிறவர்கள் சிலரையும் சுழற்றிப் பார்க்கச் சொன்னார் அருணகிரி. அங்கேதான் வினை பிடித்தது.

"அக்கா, உக்காந்துக்கிட்டே செய்யலாம் போலிருக்கே. பாட்டுக் கேட்டுக்கிட்டே முடிச்சுடலாம். இனி யாருக்கு வேணும் அந்த ஓட்டம்?" என்றான் சவேரி.

குடியிருப்பே கைச்சுழலிக்கு வரிசை கட்டியது. முதலில் அரசிக்கு வழிவிட்டார்கள். பிறகு, அக்காவுக்கு என்ன அவசரம், அவங்களுக்குத்தான் கதவு தானாத் திறக்குமே என்றார்கள். அவள் தன்னுடைய கருவியில் எல்லோரும் போன பிறகு வந்து உட்கார்ந்தாள். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

அறிக்கை பூமிக்குப் போகும் முன் அருணகிரி அவளைக் கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"உங்க எலும்பு எல்லாரையும் விட நல்லா ஏறியிருக்கு அரசி. அதுதான் சிக்கல்."

"நல்லா ஏறினது சிக்கலா?"

"பூமியில நம்ப மாட்டாங்க. நீங்க ஒத்தை ஆளா இருந்துக்கிட்டுச் சராசரியை எங்கேயோ இழுத்துட்டுப் போறீங்க. அதனால உங்க அளவை மட்டும் எடுத்துட்டேன். எடுத்ததும் அறிக்கை என்ன அழகா வந்திருக்கு தெரியுமா? நன்றியுரையில உங்க பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

அரசிக்கு அப்போது பயம் வரவில்லை. அறிக்கையில் அளவு வராவிட்டால் போகிறது, எலும்பு ஏறினால் போதும் என்று நினைத்தாள்.

பூமியின் நலவாழ்வுக் குழு அறிக்கையைக் கொண்டாடியது. கைச்சுழலி உடனே நடைமுறைக்கு வந்தது, ஓட்டக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதற்கு 'அரசி சுழலி' என்றே பெயரிட்டு, அனைவரையும் அரவணைக்கும் கண்டுபிடிப்பு என்று பாராட்டினார்கள். ஆணையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. உடல் இயலாமை உள்ளவர்களிடம் இக்கருவி சோதிக்கப்படவில்லை, ஆகவே அவர்களின் பாதுகாப்பு கருதி அவர்களுக்கு அளித்த விலக்கு நீடிக்கிறது.

ஆணையின்படி கருவிக்கு ஒரு பூட்டும் பொருத்தினார்கள். உட்காருகிறவரின் எலும்பளவியைப் படித்துத் திறக்கும் பூட்டு. அன்று அரசி சக்கரத்தில் கை வைத்ததும் அது கதவின் அதே குழைந்த குரலில் பேசியது.

"விலக்கு பெற்றவர். நீங்கள் ஓய்வெடுக்கலாம்."

அவள் சவேரியைக் கூட்டிவந்து பூட்டைப் பெயர்த்தாள். கருவி முழுவதும் முடங்கியது. அன்று பகல் முழுக்கச் சமையற்கூடம் யாருக்கும் திறக்கவில்லை. அவள்மேல் அதுவரை இருந்த அனுதாபமெல்லாம் அந்த ஒரு பட்டினியில் தீர்ந்துபோனது. சவேரிகூட, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க அக்கா, எல்லாருக்கும் புள்ளைகுட்டி இருக்கு" என்றான்.

"எனக்கும் ஒருத்தி இருக்கா சவேரி."

அவன் புதுப் பூட்டைத் திருகினான்.

இன்னொரு சுழலி கட்டக் குடியிருப்பில் வேறு சக்கரம் இல்லை. அருணகிரி அவளுக்காக மேல்முறையீடு எழுதினார். பதில் மரியாதையாக வந்தது. அவளைப் போன்றவர்கள் போதிய எண்ணிக்கையில் குடியிருப்பில் சேர்ந்ததும் தனி ஆய்வு நடத்தலாம் என்றார்கள். ஆனால் அவளைப் போன்றவர்களை இனி நிலவுக்கு அனுப்புவதாக இல்லை. அவர்களுக்கு ஏற்ற பயிற்சி எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லையாம்.

கப்பல் வந்தபோது அவளுடைய எலும்பளவி மறுபடி சிவப்பில் இருந்தது. அவளோடு ஒப்பந்தம் முடிந்த மற்ற எல்லோரும் தேறிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் தோளும் இடுப்பும் தேக்கு மாதிரி இருந்தன. பூங்கோதையிடமிருந்து குரல் வந்தது. பரவாயில்லம்மா, மூணு வருஷம்தானே என்றாள். பெரிய மனுஷிபோலப் பேசினாள். அரசியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

புறப்படும் வாயில் சமையற்கூடத்துக்கு எதிரே இருந்தது. எடைக்காலணியோடு கப்பலில் ஏறக் கூடாது, அடுத்து வருகிறவர்களுக்காக விட்டுப்போக வேண்டும். வழியனுப்ப வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அரசியைக் கேட்காமலே அருணகிரி அதைப் பிடித்து நகர்த்தி, கூட்டம் இடிக்காத ஓரமாகப் பார்த்து நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பூமிக்குப் போனதும் உங்களுக்குன்னே தனியா ஒரு ஆய்வு எழுதுறேன் அரசி. சத்தியமா."

சொல்லிக்கொண்டே குனிந்து தன் காலணிகளைக் கழற்றினார். வைக்க இடம் தேடினார். அவள் மடியில் வைத்தார்.

"கொஞ்சம் பாத்துக்குங்க."

பின்னால் வந்தவர்களுக்கு அதுதான் இடம் என்று தோன்றிவிட்டது. சவேரி வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். போயிட்டு வர்றோம் அக்கா என்று ஒவ்வொருவரும் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வாயில் மூடியது. கப்பல் கிளம்பிய அதிர்வு தரையில் வந்து அடங்கியது.

அரசி மடியில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த காலணியை உருவி, அந்தக் கைகளில் மிச்சமிருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்து, மூடிய வாயிலை நோக்கி எறிந்தாள். அது வாயிலில் மோதித் திரும்பி வந்து எதிர்ப்பக்கத்துச் சமையற்கூடக் கதவில் பட்டது. நிலவு அல்லவா, கீழே விழ அதற்கு நேரம் பிடித்தது.

அது தரையைத் தொடும் முன் கதவு திறந்துகொண்டது.

"விலக்கு பெற்றவர். உணவருந்தலாம்."