விளக்குக்காரியின் கடைசி வரி

கொட்டோ கொட்டென்று மழை. ஆபீஸ் வாசலில் ஒரே ஒரு குடை... அதுவும் யாரோ ஒருத்தியுடையது!

"பஸ் ஸ்டாப் வரைக்கும்னா வாங்க," என்றாள் குடைக்காரி. அம்மாடி, அந்தக் கண்கள்... எந்த நேரமும் சிரித்துவிடத் தயாராக நிற்கிற கண்கள். நம் கதைக்காரிக்கு நெஞ்சு ஒரு தடவை தடுக்கியது. வீடியோ கேமில் வருகிறவர்களின் பேச்சையெல்லாம் எழுதுகிறவள் அவள். ஊரையே காதலிக்க வைப்பாள், தனக்கென்று வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வாய்க்கு வந்த ஆத்திரத்தைப் பேசினாள்.

"மேல் மாடியில ஒரு டெஸ்டர் இருக்கு, கேமை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற ஆளு. பேரு தெரியாது, முப்பத்தேழாம் நம்பர். என் உயிரை வாங்குது!"

"அப்படி என்ன பண்ணுச்சு?"

"கேம்ல ஒரு கலங்கரை விளக்கம். அதுல ஒரு விளக்குக்காரி. நாம ஆணா விளையாடினா காதலைச் சொல்லுவா. பெண்ணா விளையாடினா, 'நீ எனக்குத் தங்கச்சி மாதிரி'ம்பா. இது தப்புன்னு அந்த டெஸ்டர் மூணு தடவை எழுதி அனுப்பிடுச்சு. விளக்குக்காரிக்குன்னு ஒரு மனசு இருக்கக் கூடாதா? யார் வந்தாலும் தலையாட்ட அவ என்ன பொம்மையா?"

"மனசு இருக்கட்டுங்க, தாராளமா இருக்கட்டும்." குடை இவள் பக்கம் லேசாகச் சாய்ந்தது. "ஆனா படி ஏறும்போது இருபது வரி பேசுறாளே... ஆணா வந்தாலும் பெண்ணா வந்தாலும் அதே இருபது வரி. 'உன் கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு'ன்னு கேட்டு, தன் கையுறையைக் கழட்டிக் குடுக்குறா. கடைசி வரி மட்டும்தான் மாறுது. அது மனசு இல்லைங்க... பயம்."

கதைக்காரி அப்படியே நின்றுவிட்டாள். இரண்டடி முன்னால் போன குடை பதறித் திரும்பி வந்தது.

"நீங்க..."

"முப்பத்தேழு," என்றாள் அவள், பாவமாக.

"குடைக்கு ரொம்ப நன்றி!" வெடுக்கென்று சொல்லிவிட்டு, தொப்பலாக நனைந்தபடியே நடந்தாள் கதைக்காரி. வீராப்புக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

வெள்ளிக்கிழமையோடு எழுத்து வேலை முடிகிறது, அப்புறம் ஒரு வரியைக்கூடத் தொட முடியாது. அந்த வெள்ளிக்கிழமை காலை இருபது வரியையும் திறந்து வாசித்தாள். அடக் கடவுளே... ஒவ்வொன்றும் காதல்! தங்கச்சி வரி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. படிக்கிற காலத்தில், ஹாஸ்டலில் தன் கையைப் பிடித்த ஒருத்தியிடம் கதைக்காரியே சொன்ன வரி அது. சொல்லிவிட்டு அடுத்த வாரமே அறையை மாற்றிக்கொண்டாள். அந்த முகத்தை இன்றுவரை மறக்கவில்லை, மறந்த மாதிரி நடித்தாள், அவ்வளவுதான்.

அந்த வரியை அழித்துவிட்டு, பெண்ணாக வந்தாலும் விளக்குக்காரி காதலையே சொல்லும்படி எழுதினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு வேலையும் செய்தாள். அதே கேமில் ஆண்களை மட்டுமே விரும்புகிற ஒரு படகுக்காரனும் உண்டு; அவனை மாற்றவில்லை, ஆனால் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வைத்தாள். யாரையும் படியேற்றிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டாம் என்று தோன்றியது.

சாயங்காலம் மறுபடியும் மழை. இந்தத் தடவை குடை இவளுடையது. முப்பத்தேழு படியிறங்கி வந்தாள், கண்ணெல்லாம் சிவந்து.

"நாலு தடவை விளையாடிட்டேன். டெஸ்ட் பண்ண ஒரு தடவை போதும்." மூக்கை உறிஞ்சினாள். "பதினஞ்சு வயசுல இருந்து விளையாடுறேங்க. எனக்குன்னு யாரும் கதவைத் திறந்து வெச்சதில்லை. ரொம்ப தேங்க்ஸ்..."

"தேங்க்ஸ் நான்தான் சொல்லணும். என் மனசை எனக்கே படிச்சுக் காட்டினது நீங்கதானே!"

இருவரும் குடைக்குள் நடந்தார்கள். தோள் உரசியது... யாரும் விலகவில்லை.

"அப்போ நான்... உங்களுக்கும் தங்கச்சி மாதிரியா?" முப்பத்தேழு கேலியாகத்தான் கேட்டாள், குரல்தான் நடுங்கியது.

கதைக்காரிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எட்டி அவள் விரல்களைப் பிடித்தாள். சில்லென்று இருந்தன.

"இல்ல. முதல் நாள் குடைக்குள்ள வந்தப்பவே இல்ல. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு... பயமாவும் இருக்கு. ஆனா இந்தத் தடவை ஓட மாட்டேன்."

பஸ் வந்தது, நின்றது, போயே போய்விட்டது.

"டெஸ்டர் சொல்றேன்," என்றாள் முப்பத்தேழு, பிடித்த கையை விடாமல். "இதுல ஒரு குறையும் இல்ல."